டொராண்டோ மேப்பிள் லீஃப் கார்டன்ஸ்: கடையாகிப்போன அரங்கைப் பார்க்கப் போகலாமா?

அருவங்காடு ராஜு:
குளிர்காலத்தில் மகள் வீட்டுக்கு, ஸ்கார்பரோவுக்குப் போகிறேன். மருமகன் நயாகராவுக்குக் கூட்டிப்போவதாகச் சொல்லியிருக்கிறார், சந்தோஷம். ஆனால் என் ஆசை வேறு. அருவங்காடு தொழிற்சாலையில் இருந்த காலம் முழுக்க ஹாக்கி ஆடியவன் நான். வெலிங்டனில் மூடுபனி இறங்கிவிட்டால் பந்து கண்ணுக்குத் தெரியாது. மட்டையில் படும் சத்தத்தை வைத்தே ஓடுவோம். ஐஸ் ஹாக்கியைப் பேரன்தான் வீடியோ காலில் காட்டிக் காட்டிச் சொல்லிக்கொடுத்தான். டொராண்டோ அணி 1931 முதல் 1999 வரை ஆடிய அரங்கை நேரில் பார்த்தே ஆகவேண்டும். மகளோ, "அது இப்போ சூப்பர் மார்க்கெட்ப்பா, போய் என்னத்தைப் பார்ப்பீங்க?" என்கிறாள். போனவர்கள் சொல்லுங்கள், பார்க்க ஏதாவது மிச்சம் இருக்கிறதா?

கோத்தகிரி செல்வி:
கட்டாயம் போங்கள் அண்ணா. படிக்கிற காலத்தில் அந்தக் கட்டடத்துக்குப் பக்கத்துத் தெருவில் குடியிருந்தேன், அதனால் தைரியமாகச் சொல்கிறேன். கார்ல்டன் தெருவும் சர்ச் தெருவும் சேரும் மூலையில் மஞ்சள் செங்கல் சுவர் அப்படியே நிற்கிறது. தரைத்தளம் லோப்லாஸ் கடை. உள்ளே சுவரில் பழைய பார்வையாளர் இருக்கைகளைக் கொண்டு செய்த பெரிய நீல மேப்பிள் இலை. அலமாரிகளுக்கு நடுவே, தரையில் ஒரு சிவப்புப் புள்ளி இருக்கும். தேடவேண்டாம், கடை ஊழியரைக் கேளுங்கள். நடுவர் பக் என்கிற ரப்பர் வட்டைப் போட்டு ஆட்டத்தைத் தொடங்கிவைத்த மைய இடம் அதுதான். தள்ளுவண்டியோடு ஆட்கள் அதை மிதித்துக்கொண்டு போவார்கள். நீங்கள் கொஞ்சம் நில்லுங்கள்.

நிற்கும்போது பில் பாரில்கோவை நினைத்துக்கொள்ளுங்கள். டொராண்டோ அணியின் தடுப்பாட்டக்காரர், வயது 24. 1951 ஏப்ரல் 21, மாண்ட்ரியாலுக்கு எதிரான ஆட்டம் கூடுதல் நேரத்துக்குப் போனது. பாரில்கோ பாய்ந்து அடித்த கோல்தான் அந்த வருடம் ஐஸ் ஹாக்கியின் பெரிய பரிசான ஸ்டான்லி கோப்பையை வாங்கித் தந்தது. அதே கோடையில் மீன்பிடிக்கச் சிறு விமானத்தில் போனவர் திரும்பவேயில்லை. அதன் பிறகு 1962 வரை டொராண்டோவுக்குக் கோப்பை கிடைக்கவில்லை. கிடைத்த சில வாரங்களில் விமானத்தின் சிதைவு காட்டுக்குள் கண்டுபிடிக்கப்பட்டது. இதெல்லாம் தெரிந்து போனால் அது வெறும் கடையாகத் தெரியாது.

இன்னொன்று. அந்த அரங்கைப் பெரும் பொருளாதார மந்தத்தில், 1931 ஜூனில் தொடங்கி நவம்பர் 12-இல் திறந்துவிட்டார்கள். கையில் பணம் போதவில்லை. கூலியில் ஒரு பங்குக்குப் பதிலாக நிறுவனப் பங்குகளை வாங்கிக்கொள்ளத் தொழிலாளர்கள் சம்மதித்தார்கள். எனக்கு அந்தச் சுவரில் பிடித்த விஷயமே இதுதான்.

கூடலூர் மணி:
செல்வி அக்கா மாடியை விட்டுவிட்டார்களே! கடையோடு திரும்பிவிடாதீர்கள் சார். மூன்றாவது தளத்தில் இப்போதும் ஐஸ் இருக்கிறது, டொராண்டோ மெட்ரோபாலிட்டன் பல்கலைக்கழக அணி அங்கேதான் ஆடுகிறது. அண்ணாந்து பார்த்தால் 1931-இன் அதே குவிமாடக் கூரை, இரும்புச் சட்டங்களோடு. சும்மா எட்டிப்பார்ப்பதைவிட ஆட்டத்துக்கு டிக்கெட் எடுத்து உட்காருங்கள். நம் ஹாக்கி மைதானம் 100 கெஜ நீளம். ஐஸ் ஹாக்கிக்கு 200 அடிதான், அகலம் 85 அடி; அதற்குள் பக்கத்துக்கு ஆறு பேர். ஐஸைச் சுற்றியுள்ள பலகையில் ஆட்கள் மோதுகிற சத்தம் நெஞ்சில் கேட்கும், டிவியில் அது வராது. ஸ்வெட்டர் மறக்காதீர்கள், உள்ளேயும் குளிர்தான்.

அருவங்காடு ராஜு:
மாடியில் ஐஸ் இருப்பது மகளுக்கே தெரியவில்லை! பல்கலைக்கழக ஆட்டம் எப்போது என்று மருமகனைப் பார்க்கச் சொல்லிவிட்டேன், பேரனும் வருகிறானாம். செல்வி, பாரில்கோ கதையை அவனுக்கு நான்தான் முதலில் சொல்லப்போகிறேன். காரில் போனால் நிறுத்த இடம் கிடைக்காது என்கிறார்கள். ரயிலில் எப்படி?

கோத்தகிரி செல்வி:
கென்னடி நிலையத்தில் ஏறுங்கள். புளோர்-யங்கில் மாறித் தெற்கே போகிற ரயிலைப் பிடித்து, காலேஜ் நிலையத்தில் இறங்கி, கார்ல்டன் தெருவில் கிழக்கே நடங்கள். ஐந்து நிமிடம்கூட ஆகாது.