தாங்குதிறனும் திறன்செலவும்

நண்பர்களுக்கு வணக்கம்.

நம் மின்னியல் கலைச்சொல் பட்டியலில் 'பவர் ரேட்டிங்', 'பவர் டிசிபேஷன்' இரண்டுக்கும் எதிரே 'திறன்' என்றே இருக்கிறது. இதை இப்படியே விடக் கூடாது.

ஒரு மின்தடையத்துக்கு 12 வோல்ட் கொடுக்கிறோம், 0.12 ஆம்பியர் மின்னோட்டம் பாய்கிறது. மின்னழுத்தத்தை மின்னோட்டத்தால் வகுத்தால் மின்தடை 100 ஓம். இரண்டையும் பெருக்கினால் திறன் 1.44 வாட். சரி. அதே மின்தடையத்தின் விவரத்தாளில் 'திறன்: 0.25 வாட்' என்று போட்டிருந்தால் படிக்கிற மாணவர் எதை நம்புவார்? 1.44 வாட் அதற்குள் வெப்பமாகிக்கொண்டிருப்பது, அதாவது டிசிபேஷன். 0.25 வாட் அது பொறுத்துக்கொள்ளக்கூடியது, அதாவது ரேட்டிங். இடையே கிட்டத்தட்ட ஆறு மடங்கு. மேல்பூச்சு கருகி நாற்றமடிக்கும்போதுதான் வேறுபாடு புரியும்!

ரேட்டிங்குக்குத் 'தாங்குதிறன்' என்று வைக்கலாம். அன்றாட வழக்கில் அதற்குள்ள பொருளே இங்கும் செல்லும். '100 ஓம், தாங்குதிறன் 0.25 வாட்' என்று எழுதினால், 5 வோல்ட்டுக்கு மேல் கொடுக்கக் கூடாது என்று கணக்கிட்டுக்கொள்ளலாம்: 5-இன் வர்க்கம் 25, அதை 100-ஆல் வகுத்தால் 0.25. சுற்றுப்புற வெப்பநிலை ஏறினால் தாங்குதிறன் குறையும் என்ற வாக்கியமும் இடறாமல் வருகிறது. பல மின்தடையங்களுக்கு 70 டிகிரி செல்சியஸுக்கு மேல் அப்படித்தான் குறைத்துக்கொள்கிறார்கள்.

சிக்கல் டிசிபேஷனில். முன்பு இங்கே பேசப்பட்ட 'திறன் இழப்பு' கம்பியில் வீணாகும் வெப்பத்துக்குப் பொருந்தும். வெப்பத்துக்காகவே செய்த ஹீட்டர் சுருளில் எதை இழந்தோம்? 'உமிழ்திறன்' ஏற்கெனவே கதிர்வீச்சுக்குப் போய்விட்டது. 'நுகர்திறன்' காதுக்கு இனிமைதான்; ஆனால் வினையடிக்குப் பின்னால் 'திறன்' வந்து நின்றால் 'நுகரும் வல்லமை' என்றுதான் தமிழ் மனம் படிக்கும். தாங்குதிறனுக்குக் கைகொடுத்த அதே இயல்பு இங்கே காலை வாருகிறது. ஆகவே திறனை முன்னால் தள்ளி, 'திறன்செலவு' என்று முன்மொழிகிறேன்.

மறுமொழி:

ஐயா, 'செலவு' என்றதும் மீட்டரில் ஓடும் யூனிட் அல்லவா நினைவுக்கு வரும்? அது ஆற்றலின் கணக்கு. இலங்கை வழக்கைப் போலத் திறனை 'வலு' என்றே வைத்துக்கொண்டால் என்ன? தாங்குவலு, நுகர்வலு. குழப்பத்துக்கே இடமில்லை.

மறுமொழி:

நல்ல கேள்வி. யூனிட்டை 'ஆற்றல்செலவு' என்போம். 1.44 வாட் திறன்செலவு ஒரு மணி நேரம் நீடித்தால் ஆற்றல்செலவு 5184 ஜூல். முன்சொல்லே அளவு எதுவென்று காட்டிவிடுகிறது. அலகு மிச்சத்தைச் சொல்கிறது.

'வலு' எனக்கும் பிடித்த சொல்தான், கச்சிதமானது. ஆனால் அங்கே நம் 'ஆற்றல்' 'சக்தி' ஆகிறது. ஒன்றை மட்டும் பிடுங்கி நட்டால் மற்றது முறைத்துக்கொண்டு நிற்கும். 'நுகர்வலு'வை இணைச்சொல்லாகப் பட்டியலில் சேர்த்துவிடுகிறேன்.

டிரான்சிஸ்டர் பகுதியிலும் 'திறன் இழப்பு' பல இடங்களில் கிடக்கிறது. அங்கே வெப்பம் உண்மையிலேயே வீண்தான் என்பதால் யாராவது அதற்காக வாதாடக்கூடும். மறுப்பு வராவிட்டால் அதையும் மாற்றிவிடுகிறேன்.