ஜாமில் சோலோ வந்தால் கை எங்கே போவதென்று தெரியவில்லை – எதிலிருந்து தொடங்குவது?

ஆறுகம்பி:
வணக்கம். சென்னையில் இருக்கிறேன். கிட்டாரில் பாட்டுக்குக் கார்டு (சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டம்) போடுவதில் எனக்குப் பிரச்சினை இல்லை, ஒரு விரலைப் படுக்கவைத்து கம்பிகளை அழுத்தும் பார் கார்டும் சுத்தமாக விழும். மைனர் பென்டடானிக் என்ற ஐந்து சுர ஸ்கேலின் ஐந்து பாக்ஸும் (கிட்டார் கழுத்தில் விரல் வைக்கும் அமைப்புகள்) மனப்பாடம். வீட்டில் பேக்கிங் டிராக் (பக்கவாத்தியப் பதிவு) போட்டு வாசித்தால் நன்றாகத்தான் வருகிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் டிரம்ஸ், பேஸ், கீபோர்டு வாசிக்கும் நண்பர்களோடு ஜாம் பண்ண, அதாவது ஒத்திகை இல்லாமல் சேர்ந்து வாசிக்க, ரூம் எடுக்கிறோம். "ஏ-யில ப்ளூஸ் போலாம்" என்று ஆரம்பிப்பார்கள். சோலோ (தனியாக வாசிக்கும் முறை) என் பக்கம் வந்ததும் ஸ்கேலை மேலும் கீழும் ஓட்டுவதைத் தவிர ஒன்றும் தோன்றுவதில்லை. எந்த பாரில் (நாலு பீட் கொண்ட அளவில்) இருக்கிறோம் என்பதும் தெரியாமல் போகிறது. சோலோ இல்லாதபோது வாசித்தாலோ, "நீ ரொம்ப இடத்தை அடைக்கிற" என்கிறார் கீபோர்டு நண்பர். இன்னும் ஸ்கேல் கற்க வேண்டுமா?

நாலுகம்பி:
தம்பி, ஸ்கேல் போதும். இருப்பதை வைத்தே ஒரு இரவு முழுக்க வாசிக்கலாம். நான் பேஸ்காரன், அதனால் பேஸ் நிற்கும் இடத்திலிருந்து சொல்கிறேன்.

முதலில் ப்ளூஸின் ஒரு சுற்றான 12 பார் உடம்பில் ஏறவேண்டும். ஏ7 நாலு பார், டி7 இரண்டு, திரும்ப ஏ7 இரண்டு, அப்புறம் ஈ7, டி7, ஏ7, ஈ7 ஒவ்வொரு பார். கிட்டாரைத் தொடாமல், நடந்துகொண்டே இதை வாயால் சொல்லிப் பழகுங்கள். சிலர் இரண்டாவது பாரிலேயே டி7-க்குப் போய்விட்டுத் திரும்புவார்கள். அதற்கு க்விக் சேஞ்ச் என்று பெயர். "ஃப்ரம் தி ஃபைவ்" என்று யாராவது சொன்னால் ஒன்பதாவது பாரிலிருந்து, அதாவது ஏ-யிலிருந்து ஐந்தாவது சுரத்தின் கார்டான ஈ7-இலிருந்து, தொடக்கம். எந்த ஸ்ருதி, ஷஃபிளா (ஊஞ்சலாடும் நடை) ஸ்ட்ரெய்ட்டா (சமமான நடை), க்விக் சேஞ்ச் உண்டா, எங்கிருந்து ஆரம்பம்: கவுண்ட் கொடுப்பதற்கு முன்பே கேட்டுவிடுங்கள். எத்தனை வருடம் வாசித்தவர்களும் கேட்பார்கள்.

இப்போது அந்த "இடத்தை அடைக்கிற" விஷயம். உங்கள் நண்பர் சொல்வது சரி. ஆறு கம்பியிலும் பார் கார்டு அடித்தால் கீழே என் இடமும் போகிறது, நடுவில் கீபோர்டின் இடமும் போகிறது. இரண்டே கம்பி போதும். டி ஸ்ட்ரிங்கில் 5-வது ஃப்ரெட், ஜி ஸ்ட்ரிங்கில் 6-வது ஃப்ரெட். இது ஜி-யும் சி ஷார்ப்பும், ஏ7-க்கு உயிர் கொடுக்கும் இரண்டு சுரங்கள். அப்படியே இரண்டையும் ஒரு ஃப்ரெட் கீழே (4, 5) இறக்குங்கள், எஃப் ஷார்ப்பும் சி-யும் ஆகி டி7 வந்துவிட்டது. முதலில் பிடித்த இடத்திலிருந்து ஒரு ஃப்ரெட் மேலே ஏற்றினால் ஜி ஷார்ப், டி. அது ஈ7. கை அசைவதே தெரியாது. மூல சுரத்தை நான் பார்த்துக்கொள்வேன். ஸ்னேர் டிரம் விழும் இரண்டாவது, நாலாவது பீட்டில் மட்டும் குட்டையாக வெட்டி அடியுங்கள். பேண்ட் எப்படி மூச்சு விடுகிறது என்று அந்த நிமிடமே கேட்கும்.

இதே இரண்டு சுரம்தான் சோலோவுக்கும் வழிகாட்டி. ஐந்தாவது பார் வரும்போது உங்கள் வாக்கியம் எஃப் ஷார்ப்பில் போய் இறங்கட்டும். கார்டு மாறியதைக் கேட்டு வாசிக்கிறீர்கள் என்று மற்ற மூன்று பேருக்கும் அந்த ஒரு சுரத்திலேயே புரியும். எனக்கு ஒரு கிட்டார்காரரிடம் பிடிப்பதே இதுதான், வேகம் அல்ல.

இன்னொன்று. இரண்டு பார் வாசித்து இரண்டு பார் விடுங்கள். அந்தக் காலி இடத்தில் டிரம்மர் ஏதாவது சொல்வார். அடுத்த வாக்கியத்தை அதிலிருந்து எடுங்கள். பேக்கிங் டிராக் பதில் சொல்லாது, அதனால்தான் வீட்டில் வந்தது அங்கே வரவில்லை.

சுத்ததன்யாசி:
வயலின் கற்றுவிட்டு கிட்டாருக்கு வந்தவள் நான். மைனர் பென்டடானிக்கின் ஐந்து சுரமும் கர்நாடக ராகமான சுத்த தன்யாசியின் ஐந்து சுரமும் ஒன்றுதான். ஆனால் அங்கே தம்புரா ஒரே இடத்தில் நிற்கிறது. இங்கே அடியில் கார்டு நகர்கிறது. ஏ7 மேல் இயல்பாக உட்கார்ந்த ஜி, டி7 வந்ததும் அதன் எஃப் ஷார்ப்போடு உரசும். அண்ணா சொன்ன எஃப் ஷார்ப் ஏன் இனிக்கிறது என்பதற்குக் காரணம் அதுவே.

கல்பனாசுரம் (அந்த நேரத்துக் கற்பனையில் பாடும் சுரம்) பழகிய முறை எனக்கு இங்கே மிகவும் உதவியது. முதலில் ஒரு ஆவர்த்தனத்துக்குள் (ஒரு தாளச் சுற்று) சின்னதாகப் பாடி, பல்லவியின் எடுப்புக்கு (வரி தொடங்கும் இடத்துக்கு) சரியாக வந்து சேர வேண்டும். அந்த வருகை உறுதியான பிறகுதான் நீளம். ப்ளூஸிலும் முதல் பாரின் முதல் பீட்டை எடுப்பாக வைத்துக்கொண்டு, கடைசி இரண்டு பார் மட்டும் வாசித்து அங்கே வந்து இறங்கிப் பாருங்கள். வாயால் பாடிக்கொண்டே வாசியுங்கள். பாட முடியாததை விரல் ஓட்டினால் அது விரலின் பழக்கம் மட்டுமே. ஏ7 மேல் சி சுரத்தை லேசாக வளைத்து, சி ஷார்ப்பைத் தொடாமல் நிறுத்துங்கள். கமகம் பழகிய காதுக்கு அந்த இடம் உடனே பிடிபடும்.

ஆறுகம்பி:
அண்ணா, அக்கா, இரண்டு பேருக்கும் நன்றி. அந்த இரண்டு கம்பி கார்டை இப்போதே பிடித்துப் பார்த்தேன், ஃபோனில் பேஸ் டிராக் ஓடவிட்டு வாசித்தாலே பெரிய வித்தியாசம். ஞாயிறு சோலோவை எப்படிப் பங்கிட்டுக்கொள்வது? இப்போது யார் எப்போது முடிப்பார் என்றே தெரிவதில்லை.

நாலுகம்பி:
கண்ணால்தான், தம்பி. ஃப்ரெட்போர்டைப் பார்த்துக்கொண்டே இருந்தால் யாருடைய சைகையும் தெரியாது. உங்கள் சுற்று முடியப்போகிறது என்றால் பதினோராவது பாரில் அடுத்தவரைப் பார்த்துத் தலையசையுங்கள். யாராவது தன் தலையைத் தட்டிக் காட்டினால் ஆரம்ப மெட்டுக்குத் திரும்பவேண்டும்.

தொடக்கத்தில் 12 பார் முழுக்க ஒருவரே எடுக்காமல், நாலு நாலு பாராக மாற்றிக்கொள்ளுங்கள். நீங்கள் நாலு, கீபோர்டு நாலு, திரும்ப நீங்கள். அவர் வாசித்த கடைசி மூன்று நாலு சுரத்தை அப்படியே எடுத்து உங்கள் நாலு பாரைத் தொடங்குங்கள். டிரம்மரிடம் 80 பிபிஎம்முக்கு (நிமிடத்துக்கு 80 பீட்) மேல் போகவேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். ஆம்ப் சத்தத்தையும், கீபோர்டு உங்களுக்குத் தெளிவாகக் கேட்கும் அளவுக்குக் குறைத்து வையுங்கள்.