ராக்கி ஹாரர் பிக்சர் ஷோ: கடைசியில் ஃபிராங்கைச் சுட்டுக் கொன்ற படத்தையா இத்தனை வருஷம் கொண்டாடுகிறோம்?

கொட்டகைக்காரன்
முந்தாநாள் ராத்திரி இந்தப் படத்தை மூன்றாவது முறையாகப் பார்த்தேன். 1975இல் வந்தது. "பாலியல் விலக்குகளை உடைத்த படம்" என்று ஐம்பது வருஷமாக எழுதிக்கொண்டே இருக்கிறார்கள். எனக்கு அது விளங்கவே இல்லை.

பார்க்காதவர்களுக்காகக் கதை: பிராட், ஜேனட் என்று கல்யாணம் நிச்சயமான ஜோடி. மழை ராத்திரியில் கார் டயர் வெடிக்கிறது. போன் பண்ணலாம் என்று ஒரு கோட்டைக்குள் போகிறார்கள். அங்கே கோர்செட் (பெண்கள் அணியும் இறுக்கமான உள்ளுடுப்பு), வலைக் காலுறை, ஹை ஹீல்ஸ் சகிதமாக டாக்டர் ஃபிராங்க்-என்-ஃபர்ட்டர் (டிம் கரி), தன் ஆசைக்கென்றே ஒரு கட்டழகனை ஆய்வகத்தில் உருவாக்கிக்கொண்டிருக்கிறார். அன்று ராத்திரியே ஜேனட்டோடும் படுக்கிறார், பிராட்டோடும் படுக்கிறார். கடைசியில் அவருடைய வேலைக்காரர்களே அவரைச் சுட்டுக் கொல்கிறார்கள். காரணம், அவர் வாழ்கிற விதம் வரம்பு மீறிப்போய்விட்டதாம்.

நம்ம பழைய படங்களில் 'கெட்டுப்போன' பெண் கிளைமாக்ஸில் குறுக்கே பாய்ந்து குண்டு வாங்கிச் சாவாளே, அதே கணக்குதானே இது? பாவத்தை ஒன்றரை மணி நேரம் ரசிக்கலாம், கடைசி ரீலில் நேர்செய்துவிட வேண்டும்.

இன்னொன்று. இவர்கள் வருவதற்கு முன்பே கதவு திறந்துதான் கிடந்தது. இங்கிலாந்தில் 1967இல் தற்பால் உறவைத் தடுத்த சட்டம் தளர்ந்தது, 1968இல் நாடகத் தணிக்கை ஒழிந்தது. 1972இல் பாடகர் டேவிட் போவி தான் தற்பால் ஈர்ப்பு உள்ளவன் என்று பத்திரிகையிலேயே சொல்லிவிட்டார். அதே வருஷம் வந்த கேபரே படத்தில் ஒரு பெண், இரண்டு ஆண்கள், மூவருக்குள்ளும் உறவு. அதற்கு 8 ஆஸ்கர். பிறகு இவர்கள் எதை உடைத்தார்கள்?

செவ்விதழ்
கொட்டகை சார், லண்டனில் திறந்த கதவை நியூயார்க் வாசலில் மாட்டுகிறீர்கள். இந்தப் படத்துக்கு மூலமான நாடகம் 1973 ஜூனில் லண்டன் ராயல் கோர்ட் தியேட்டர் மாடியில், 63 பேர் உட்காரும் ஒரு சின்ன அரங்கில் தொடங்கியது. அங்கே நீங்கள் சொல்வது ஓரளவு சரி. ஆனால் படம் கல்ட், அதாவது விடாப்பிடியான ரசிகர் கூட்டம் சேர்ந்த படம், ஆனது அங்கே இல்லையே. 1976 ஏப்ரல் 1, நியூயார்க் கிரீனிச் வில்லேஜ், வேவர்லி தியேட்டர், நள்ளிரவுக் காட்சி. தற்பால் ஈர்ப்பினர் போலீஸை எதிர்த்து நின்ற ஸ்டோன்வால் கலவரம் நடந்த மதுக்கூடம் அங்கிருந்து கூப்பிடு தூரம். அந்தத் தேதியில் நியூயார்க் மாநிலச் சட்டப் புத்தகத்தில் தற்பால் உறவு இன்னும் குற்றம். 1980இல்தான் அங்கே நீதிமன்றம் அதை ரத்து செய்தது. அமெரிக்கா முழுமைக்கும் என்றால் 2003. திறந்த கதவாம்!

கேபரே பற்றி: அருமையான படம். ஆனால் அதில் அந்த விஷயம் ஒரு ரகசியமாக இருந்து, சண்டையில் வெளியே வருகிறது. 1961இல் வந்த சில்ட்ரன்ஸ் ஹவரில் இன்னொரு பெண்ணை நேசித்ததை ஒப்புக்கொண்டவள் தூக்குப் போட்டுக்கொள்கிறாள். ஃபிராங்க் வருவதைப் பாருங்கள். லிஃப்டில் கால் தாளம் போட்டபடி இறங்கி, போர்வையை உதறிவிட்டு, பாட்டிலேயே தன்னை அறிமுகப்படுத்திக்கொள்கிறார். வெட்கமில்லை, விளக்கமில்லை, "நான் ஏன் இப்படி ஆனேன்" என்று ஒரு ஃபிளாஷ்பேக் இல்லை. அடுத்து ஆய்வகத்தில் கூனிக்குறுகி நிற்பவர்கள் ஜட்டியோடு நிற்கும் பிராடும் ஜேனட்டும்தான்.

பெஞ்சு டிக்கெட்
ஆண் பெண் வேஷம் கட்டுவது நமக்கு என்ன புதுசா? தெருக்கூத்தில் திரௌபதியே ஆம்பளைதான். இந்தப் படத்துக்கு ரசிகர்கள் அரிசி வீசுவது, பேப்பர் பறக்க விடுவது எல்லாம் முதல் நாள் முதல் காட்சியிலேயே பார்த்தாச்சு. வெள்ளைக்காரன் செய்தால் கல்ட், நாம் செய்தால் ரவுடித்தனம்.

செவ்விதழ்
பெஞ்சு, கூத்தில் திரௌபதியைப் பார்க்கும்போது ஆம்பளையை மறந்துவிட வேண்டும், அதுதான் அந்தக் கலையின் திறமை. இங்கே மறக்கவே விடுவதில்லை. நெஞ்சு முடியும் கோர்செட்டும் ஒரே உடம்பில். ஆண் மாதிரியும் இல்லை பெண் மாதிரியும் இல்லை, ஆனால் இருவருக்கும் ஆசை வருகிறது. வம்பு அங்கேதான் ஆரம்பிக்கிறது.

முதல் நாள் கூட்டம் ஹீரோவுக்காக வருகிறது. இது வெளியானபோது ஊத்திக்கொண்ட படம். ஹீரோவே இல்லாத ஒரு படத்துக்கு வாராவாரம் வந்து, திரையைப் பார்த்து பதில் பேசி, கல்யாணக் காட்சியில் அரிசி வீசி, மழைக் காட்சியில் தலைக்குச் செய்தித்தாள் பிடித்துத் தண்ணீர் பீச்சி, திரைக்கு முன்னால் வேஷம் கட்டி அதே காட்சியை நடித்தார்கள். மியூனிக்கில் ஒரு தியேட்டரில் 1977 முதல் ஓடுகிறது.

நிலாமுற்றம்
நான் திருநங்கை. உங்க ரெண்டு பேர் சண்டையிலயும் ஒரு விஷயம் விட்டுப்போச்சு. ஃபிராங்க் யாரு? எட்டின்னு ஒரு பையனைக் கோடாலியால வெட்டுறவர். வெட்டினவரைச் சமைச்சு விருந்துல பரிமாறுறவர். இருட்டுல பிராட் குரல்ல பேசி ஜேனட்டை ஏமாத்துறார், ஜேனட் குரல்ல பேசி பிராடை ஏமாத்துறார். பெண் உடுப்பு போட்ட ஆள்னா ஏமாத்தி படுக்கைக்கு வர்ற ஆள்தான்னு எங்களைப் பத்தி ஊரே சொல்ற கதை இது. அதுக்கு நல்ல மெட்டு போட்டுக் குடுத்தா முற்போக்கா?

போதாததுக்கு ஃபிராங்கும் வேலைக்காரங்களும் கதையில வேற்றுக்கிரகவாசிங்க, அவங்க கிரகத்தோட பேரே டிரான்ஸ்செக்ஷுவல். அது எங்க சிலர் வாழ்க்கைக்கு மருத்துவமனை வெச்ச பேரு. அங்க சிரிப்புக்கு.

செவ்விதழ்
நிலா, ஏமாற்றும் காட்சியை நான் நியாயப்படுத்தப் போவதில்லை. இன்றைக்கு அதை எழுதினால் கையை உடைக்க வேண்டும். ஆனால் அது எடுக்கப்பட்ட விதத்தில் ஒன்று இருக்கிறது. இரண்டு படுக்கையறை, இரண்டு நிழலுருவம், ஏறக்குறைய ஒரே வசனம். ஜேனட் முதலில் மறுத்து, பிறகு இளகி, "பிராடிடம் சொல்லாதே" என்கிறாள். பிராடும் பேரை மட்டும் மாற்றி அச்சு அசலாக அப்படியே. தேவாலய வாசலில் மோதிரம் கொடுத்த 'நல்ல பையன்' அதே வார்த்தையைச் சொல்கிறபோது தியேட்டரில் இருந்த எத்தனை நல்ல பையன்களுக்கு வியர்த்திருக்கும்?

நிலாமுற்றம்
வியர்த்தது அவங்களுக்கு. பழி எங்களுக்கு. இந்த வரவு செலவு எனக்கு ஒத்து வரலை.

வடலி
நான் ரொறன்ரோவில இருக்கிறன். இந்தப் படத்தை வீட்டில தனியப் பாத்தால் அரைவாசியும் விளங்காது எண்டது என்ர அபிப்பிராயம். நாலு வருசத்துக்கு முதல் ஒரு ஹாலோவீன் காட்சிக்குப் போனனான். முதல் தரம் வாற ஆக்களை அங்க கன்னி (வேர்ஜின்) எண்டுதான் கூப்பிடுவினம். நெத்தியில லிப்ஸ்டிக்கால ஒரு வி எழுதி மேடைக்கு ஏத்திச்சினம். பலூனைத் தொடைக்கு நடுவில வைச்சு உடைக்கச் சொல்லி ஒரு விளையாட்டு. எனக்கு அறவே பிடிக்கேல்லை. மாட்டன் எண்டு சொல்லிப் போட்டு இறங்கீட்டன், சனம் ஊளையிட்டது. விடுதலை எண்டு சொல்லிக்கொண்டு இன்னொரு கட்டாயம்.

இன்னொண்டு. ஜேனட்டின்ர பேர் வாற நேரமெல்லாம் முழுத் தியேட்டரும் "வேசை" எண்டு கத்தும். அது சம்பிரதாயமாம். படம் முழுக்க ஆசையை வாய்விட்டுச் சொல்லிப் பாடுற ஒரேயொரு சாதாரண பொம்பிளை அவள். அவளுக்குக் கிடைக்கிற பட்டம் அது.

ஆனால் படம் முடிஞ்சு கை கழுவப் போன இடத்தில ஒருத்தரைக் கண்டன். ஐம்பது வயசிருக்கும். கண்ணாடியில பாத்து கண் மையை அழிச்சுக்கொண்டு நிண்டார். கோர்செட்டை மடிச்சு ஒரு மளிகைக்கடைப் பையில வைச்சார். அதுக்கு மேல ஒரு ரொட்டிப் பக்கற். மேல ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடினார். வருசத்தில எத்தினை நாள் அவருக்கு அப்பிடிக் கிடைக்குதோ. அவரிட்ட போய் "இந்தப் படம் ஒண்டையும் உடைக்கேல்லை" எண்டு சொல்ல எனக்கு வாய் வராது.

கொட்டகைக்காரன்
வடலி, இதைத்தான் நானும் சொல்ல வருகிறேன். உடைத்தது அந்த ரொட்டிப் பைக்காரர், படம் இல்லை. வேறு எந்தப் படம் மாட்டியிருந்தாலும் அவர்கள் கூடியிருப்பார்கள்.

செவ்விதழ்
வேறு எந்தப் படமுமா? 1972இல் வந்த பிங்க் ஃபிளமிங்கோஸ் என்ற படமும் நள்ளிரவுக் காட்சிகளில் ஓடியது. அதற்கும் ரசிகர்கள் உண்டு, ஆனால் வாராவாரம் உடுப்புத் தைத்துக்கொண்டு வந்து கூட நடிக்கும் பழக்கம் இந்தப் படத்தைச் சுற்றித்தான் வளர்ந்தது. ஏன்? இதில் சேர்ந்து பாடப் பாட்டு இருக்கிறது. எப்படி ஆட வேண்டும் என்று படத்திலேயே ஒருவர் வரைபடம் காட்டிச் சொல்லித்தருகிறார். வசனங்களுக்கு நடுவே லாரி போகும் அளவுக்கு இடைவெளி, அதில் யாரும் பதில் கத்தலாம். படம் விட்ட ஓட்டையில்தான் கூட்டம் நுழைந்தது.

அப்புறம் அந்த மரணம். யார் கொல்கிறார்கள்? போலீஸ் இல்லை, பாதிரியார் இல்லை, பக்கத்திலேயே இருந்த வேலைக்காரன் ரிஃப் ராஃப். கொன்றது சரிதான், சமூகத்தைக் காப்பாற்ற வேண்டாமா என்கிறார் சக்கர நாற்காலியில் இருக்கும் டாக்டர் ஸ்காட். கொஞ்சம் முன்னால்தான் போர்வைக்கு அடியிலிருந்து அவருடைய காலும் வெளியே வந்தது, அதிலும் வலைக் காலுறை! இதைவிட வெளிப்படையாக ஒழுக்கவாதியை எப்படிக் கிண்டல் செய்வது?

சாவதற்கு முன் ஃபிராங்க் பாடும் பாட்டையும் மறக்காதீர்கள். வெறும் நாற்காலிகளைப் பார்த்துப் பாடுகிறார், அவர் கண்ணுக்கு மட்டும் கூட்டம் நிறைந்து தெரிகிறது. தியேட்டரில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு அந்த நாற்காலி யாருடையது என்று தெரியும்.

நிலாமுற்றம்
அந்தப் பாட்டுல நானும் அழுதிருக்கேன், பொய் சொல்ல மாட்டேன். கோபமும் அதனாலதான். எழுதினவரும் ரிஃப் ராஃபா நடிச்சவரும் ஒரே ஆள், ரிச்சர்ட் ஓ'பிரையன். தான் முழுக்க ஆணும் இல்லை பெண்ணும் இல்லைன்னு சொன்னவர். தனக்குள்ள இருந்ததை ஃபிராங்க்னு எழுதிட்டு, தானே லேசர் துப்பாக்கியோட வந்து நிக்கிறார். 2016ல திருநங்கைகளைப் பெண்கள்னு ஏத்துக்க மாட்டேங்கற மாதிரி பேட்டியும் குடுத்தார். எங்க சனம் பல பேருக்கு அது நெஞ்சுல குத்தின மாதிரி இருந்துச்சு.

பெஞ்சு டிக்கெட்
எழுதினவரே சுடுவது தெரியாது. இப்போது இன்னொரு தடவை பார்க்க வேண்டும். என் பழைய கமெண்ட்டை அடித்துவிட்டதாக நினைத்துக்கொள்ளுங்கள்.

செவ்விதழ்
கொட்டகை சார், ஒரு சந்தேகம். கோட்டை பறந்துபோன பிறகு உங்கள் பிரதியில் பிராடும் ஜேனட்டும் என்ன ஆகிறார்கள்?

கொட்டகைக்காரன்
பெரிதாக ஒன்றும் இல்லையே. பாட்டெல்லாம் கிடையாது, முடிந்துவிடுகிறது.

செவ்விதழ்
அப்படியென்றால் நீங்கள் பார்த்தது அமெரிக்கப் பிரதி. பிரிட்டனில் வெளியானதில் அங்கே இன்னொரு பாட்டு உண்டு, சூப்பர்ஹீரோஸ். அமெரிக்காவில் அதை வெட்டிவிட்டார்கள். தேடிப் பாருங்கள்.

கொட்டகைக்காரன்
பார்த்தேன். புகைக்கு நடுவே அதே காலுறையோடு இரண்டு பேரும் மண்ணில் தவழ்கிறார்கள். நேற்று "கணக்கை நேர்செய்துவிட்டார்கள்" என்று எழுதினேன். வாபஸ். ஒன்றும் நேராகவில்லை. அவர்கள் இனி தேவாலய வாசலுக்குத் திரும்பிப் போக முடியாது. படம் உடைத்தது அந்த ஜோடியைத்தான் என்றால் ஒப்புக்கொள்கிறேன்.

நிலாமுற்றம்
நானும் இப்பதான் பார்த்தேன். ஃபிராங்க் செத்து அஞ்சு நிமிஷம்கூட ஆகலை. கேமரா அந்த ரெண்டு பேர் மேலதான் இருக்கு.