பாபியின் கற்பனையைத் தமிழ்ப் பிள்ளைகளுக்கு எப்படிச் சொல்வது?

கேள்வி: காரைக்குடி வாசகி

கோடை விடுமுறையில் எங்கள் வீட்டுப் பட்டாலையில் கூடும் பத்துப் பன்னிரண்டு பிள்ளைகளுக்கு, ஒலியை அடக்கிவிட்டு நானே தமிழில் குரல் கொடுத்து ‘பாபிஸ் வேர்ல்டு’ கார்ட்டூனைக் காட்டிவருகிறேன். அமெரிக்காவின் ஃபாக்ஸ் கிட்ஸில் 1990 முதல் 1998 வரை வந்த தொடர் அது. மூன்று சக்கர சைக்கிளில் சுற்றும் நான்கு வயது பாபி, பெரியவர்கள் பேச்சுவாக்கில் சொல்வதைச் சொல்லுக்குச் சொல் நம்பி, மனத்துக்குள் ஓர் உலகத்தையே கட்டிவிடுவான். சிக்கல் அங்கேதான் வருகிறது. பெருமழையை ‘நாயும் பூனையுமாகப் பெய்கிறது’ என்பது ஆங்கில வழக்கு, அதை அப்படியே தமிழில் சொன்னால், “நாய் விழுந்தால் குடை கிழியாதா?” என்று ஏழு வயதுப் பையன் கவலையோடு கேட்கிறானே தவிர, ஒருவரும் சிரிப்பதில்லை. இத்தகைய இடங்களை விளக்கிச் சொல்வதா, தமிழ் மரபுத்தொடராக மாற்றிவிடுவதா?

மறுமொழி: தேவகோட்டை வாசகர்

சகோதரி, நான் சில ஆண்டுகள் சென்னையில் டப்பிங் பணியில் இருந்தவன். பெயரை மாற்றுவது எளிது. சுட்டி டிவியில் டோராவின் குரங்குத் தோழன் புஜ்ஜியாக வந்தபோது, பிள்ளைகள் அதை நம் ஊர்க் குரங்காகவே ஏற்றுக்கொண்டார்கள். ஆனால் திரையில் நாயும் பூனையும் விழுந்துகொண்டிருக்கும்போது நீங்கள் வேறொரு தொடரைச் சொன்னால், படம் ஒரு பக்கமும் பேச்சு ஒரு பக்கமுமாகப் போகும். ஆகவே சொல்விளையாட்டு நிறைந்த பகுதிகளைத் தவிர்த்து, வெப்லி என்ற சிலந்திப் பொம்மையோடு அவன் பேசுவது போன்ற இடங்களைத் தேர்ந்தெடுங்கள். தனியாளாக எல்லோருக்கும் குரல் கொடுக்கிறோமே என்றும் தயங்க வேண்டாம். தொடரை உருவாக்கியவர்களில் ஒருவரான ஹோவி மாண்டெலே பாபிக்கும் அவன் தந்தைக்கும் குரல் கொடுத்தார். மேடை நகைச்சுவையில் அவர் பேசிவந்த பிள்ளைக் குரல்தான் பாபியானது.

மறுமொழி: கானாடுகாத்தான் அப்பத்தா

தவிர்ப்பதை நான் ஒப்பமாட்டேன், தம்பி. அந்தத் தொடரின் உயிரே சொல்லைப் பிடித்துக்கொண்டு தொங்குவதில் இருக்கிறது, அதற்கு நம் வீடுகளில் என்ன பஞ்சம்? என் இளைய மகனுக்குத் திருமணம் முடிந்த மறுவாரம், “நம் வீட்டில் ஒரு புள்ளி கூடிவிட்டது” என்று உறவினர் ஒருவரிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். (வெளியூர்க்காரர்களுக்கு: நகரத்தார் கோவில் கணக்கில் மணமான தம்பதியர் ஒரு புள்ளி, வரி அந்தக் கணக்கில்தான்.) மறுநாள் விடியற்காலை வாசலில் நான் இட்ட கோலத்தின் முன் என் பேரன் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, விரலால் தொட்டுத்தொட்டு எண்ணிக்கொண்டிருந்தான். எது புதிய புள்ளி என்று தெரியாமல், கடைசியில் தானே ஒரு சிட்டிகை மாவை எடுத்துக் கோலத்துக்கு வெளியே வைத்து, “இது சித்தப்பா” என்றான். இன்னொரு நாள், “நிலத் தரகன் ஐயா தலையில் மிளகாய் அரைத்துவிட்டான்” என்று யாரோ சொல்லக் கேட்டு, உறங்கிக்கொண்டிருந்த தாத்தாவின் வழுக்கையை முகர்ந்து பார்த்தான்.

மறுமொழி: சிங்கப்பூரிலிருந்து பள்ளத்தூர்க்காரர்

ஆச்சி, புள்ளிக் கதையைப் படித்து வெகுநேரம் சிரித்தேன். இருந்தாலும் கேள்வி கேட்டவர் படத்தையும் காட்ட வேண்டுமே! சொல்லைவிட விளையாட்டை நம்பும் தொடரை எடுத்தால் மொழிச் சிக்கல் பாதி தீரும். ஆஸ்திரேலியாவில் 2018-இல் தொடங்கிய ‘ப்ளூயி’யில் ஒவ்வொரு கதையும் ஏறத்தாழ ஏழு நிமிடம்தான்; நாய்க்குட்டியும் தங்கையும் பெற்றோரை இழுத்து வைத்து ஆடும் பாவனை விளையாட்டுக்கு மொழிபெயர்ப்பே பெரிதாகத் தேவைப்படாது.

மறுமொழி: காரைக்குடி வாசகி

அனைவருக்கும் நன்றி. ‘ப்ளூயி’யைப் பிறகு பார்க்கிறேன். நேற்று அப்பத்தா சொன்னதைக் கொண்டு ஒன்று செய்து பார்த்தேன். பாபி கனவுக்குள் நுழையும் இடத்தில் படத்தை நிறுத்தி, காகிதத்தையும் வண்ணப் பென்சில்களையும் கொடுத்து, “பாபியின் அப்பாவுக்குத் தலைக்கு மேல் வேலை இருக்கிறதாம், வரையுங்கள்” என்றேன். குடையைப் பற்றிக் கவலைப்பட்ட பையன், அப்பாவின் தலைமேல் ஏணி சாத்தி, ஒரு கொத்தனாரை ஏற்றி, ஓடு மாற்ற வைத்திருந்தான்.