அரியமானா, தனுஷ்கோடியா? பனைமட்டைச் சுருள் சாயாமல் நிற்க வழி

பனங்கருக்கு கேட்கிறார்:
ராமநாதபுரம் கடற்கரையில் ஜூலை கடைசியில் 20 மாணவர்களோடு இரண்டு நாள் நிலக்கலைப் பயிற்சி (மண், கல், மரம் கொண்டு நிலத்திலேயே செய்யும் கலை). அமெரிக்கக் கலைஞர் ராபர்ட் ஸ்மித்சன் 1970-ல் அமெரிக்காவின் யூட்டா உப்பு ஏரியில் அமைத்த ஸ்பைரல் ஜெட்டி போல ஒரு சுருள். கல்லுக்குப் பதில் பனைமட்டை. தனுஷ்கோடியில் போடலாமா, அரியமானிலா? அலை ஓரமாகச் சோதனைக்கு நட்ட மட்டைகள் ஒன்றரை அடி புதைத்தும் ஒரே இரவில் சாய்ந்துவிட்டன. ஓலையோடு நட்டவை முதலில் விழுந்தன. சுருளைப் பிசகாமல் வரைவது எப்படி? நடுவில் பவளக்கல் அடுக்கலாமா?

கச்சான்:
கடைசிக் கேள்விக்கு முதலில்: பவளக்கல்லைத் தொடாதீங்க. செத்து ஒதுங்கியதானாலும் சரி. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் முதல் அட்டவணையில் இருக்கிறது, பொறுக்கினால் வழக்கு.

ஜூலையில் கச்சான், அதாவது தென்மேற்குக் காற்று. தென்கடல் (மன்னார் வளைகுடா) கொந்தளிக்கும், வடகடல் (பாக் நீரிணை) குளம்போல் கிடக்கும். தனுஷ்கோடிப் பக்கம் ஆண் கடல், பெண் கடல் என்று சொல்வது இதைத்தான். வடகிழக்கிலிருந்து வீசும் வாடைக் காலத்தில் இரண்டும் குணம் மாறிக்கொள்ளும். அதனால் இப்போதைக்கு வடகடல் பக்கம் இருக்கும் அரியமான்தான். தனுஷ்கோடியில் அந்த மாதம் மணல் பறந்து கண்ணைத் திறக்க விடாது, நட்டதன் அடியையும் காற்றே அரிக்கும். போதாததற்கு 2025-ல் அங்கே பூநாரைச் சரணாலயமும் அறிவித்தாயிற்று. அரியமானிலும் அனுமதியை முன்னாடியே எழுத்தில் வாங்கிவிடுங்கள்.

கரைவலை இழுக்கும் இடமா என்று ஊர்க்காரர்களிடம் கேட்காமல் ஒரு குச்சிகூட நடாதீங்க. மட்டையில் மாட்டினால் வலை கிழியும்.

மடிவலை:
ஒன்றரை அடி ஆழம் போதும். நான்கடி மட்டைக்கு அதற்கு மேல் வேண்டாம். தப்பு ஆழத்தில் இல்லை, நட்ட இடத்தில்தான். அலை வந்து திரும்பும்போது மட்டையின் அடியைச் சுற்றி நீர் வேகமெடுத்துக் கிண்ணம் மாதிரி குழி பறிக்கும். பத்துப் பதினைந்து அலையில் பிடிமானம் போய்விடும். ஸ்மித்சன் தண்ணீருக்குள் போட்டார் என்றால் அது 6,000 டன்னுக்கு மேல் கறுப்பு பசால்ட் எரிமலைக் கல்லும் மண்ணும், 1,500 அடி நீளம். அதுவே ஏரி நீர் ஏறியதும் பல ஆண்டு மூழ்கிக் கிடந்தது. மட்டைக்கு அந்த ஆசை வேண்டாம். இங்கே ஓதம் (கடல் நீர் ஏறி இறங்கும் அளவு) ஒரு மீட்டருக்கும் குறைவுதான், ஆனால் கரைச் சரிவு இருபதுக்கு ஒன்று என்றால் நீர் ஓரடி ஏறினாலே இருபதடி உள்ளே வரும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி இன்னும் ஏறும். முந்தின நாள் பாசி ஒதுங்கிய கோட்டைப் பார்த்து, அதற்கு மேலே பத்தடி தள்ளி நடுங்கள்.

நடும் முறை: ஓலையை முழுக்க நறுக்கிவிட வேண்டும், அதுதான் காற்றைப் பிடிக்கிறது. இரண்டு ஓரக் கருக்கையும் அரிவாளால் சீவிய பிறகே பிள்ளைகள் கையில் கொடுங்கள், ரம்பம் போல அறுக்கும். கவட்டையாகப் பிளந்த அடிப்பக்கம் கீழே. மண்வெட்டியால் அகலக் குழி வெட்டினால் கெட்டது. கடப்பாரையால் குத்தி, கவட்டை நுழையுமளவு மட்டும் ஆட்டி அகலப்படுத்துங்கள். மட்டையை இறக்கி ஈரமணலைப் பிடிபிடியாகப் போட்டு, ஒவ்வொரு பிடிக்கும் கொஞ்சம் தண்ணீர் ஊற்றிக் கம்பால் இடிக்க வேண்டும். காய்ந்த மணலைத் தள்ளி மூடினால் அது பிடிக்காது, ஓடும். மட்டைக்காக மரத்தில் கைவைக்க வேண்டாம், பனந்தோப்பில் உதிர்ந்து கிடப்பதே போதும்.

நூல்குண்டு:
சுருள் வரைய 200 லிட்டர் பேரல் ஒன்று, கயிறு ஒன்று. பேரல் குறுக்களவு சுமார் 58 செ.மீ., சுற்றளவு 182 செ.மீ., அதாவது ஆறடி. பேரலில் கயிற்றை நான்கு சுற்றுச் சுற்றி, நுனியில் குச்சி கட்டி, விறைப்பாக இழுத்தபடி அவிழ்த்துக்கொண்டே நடங்கள். ஒவ்வொரு சுற்றும் முந்தியதிலிருந்து சரியாக ஆறடி தள்ளி விழும். கணக்கே வேண்டாம். வீட்டு வாளியில் செய்தால் இடைவெளி மூன்றடி, நுழைய முடியாது.

நான்கு சுற்றுக்குக் கயிறு 24 அடி, கோட்டின் நீளம் சுமார் 300 அடி. ஒன்றரை அடிக்கு ஒரு மட்டை என்றால் 200. உடைவதற்கு 20 சேர்த்துக்கொள்ளுங்கள். கடற்கரையில் 50 அடி அகலம் வேண்டும். நைலான் கயிறு வேண்டாம், துண்டு அறுந்து கடலுக்குப் போனால் ஆமை கழுத்தில்தான். தேங்காய்நார்க் கயிறு எடுங்கள், ஆனால் அது நனைந்தால் நீளம் குறையும், காய்ந்ததையே பயன்படுத்துங்கள்.

பனங்கருக்கு:
இழுக்கும்போது பேரல் நகராதா? படம் எப்போது எடுப்பது?

நூல்குண்டு:
காலி பேரல் கட்டாயம் நகரும். முக்கால்வாசி மணல் நிரப்புங்கள், கால் டன் எடை வந்துவிடும். கோடு முடிந்ததும் மணலை அள்ளிவிட்டு எடுத்துவிடுங்கள், நடுவில் அதுவே ஒரு சிற்பம் மாதிரி உட்கார்ந்துவிடக் கூடாது.

சூரியன் எழுந்தவுடன் எல்லாரும் படம் எடுப்பார்கள், அது தப்பு. வெளியே நிற்கும் இரண்டரை அடி மட்டையின் நிழல் அப்போது பதினைந்தடிக்கு மேல் நீண்டு அடுத்த இரண்டு சுற்றையும் குழப்பும். ஏழே முக்கால் வாக்கில் நிழல் ஆறடிக்கு இறங்கி அடுத்த சுற்றின் காலடியில் முடியும். அந்தப் பத்து நிமிடம்தான். மாணவர்களுக்குப் பிரிட்டன் கலைஞர் ரிச்சர்ட் லாங்கையும் காட்டுங்கள்: 1967-ல் புல்வெளியில் ஒரே கோட்டில் போய்ப்போய் வந்து ஒரு தடம் போட்டார், இன்று இருப்பது படம் மட்டும்.

மடிவலை:
நடும்போதே எண்ணி எழுதிவையுங்கள். பிடுங்கும்போதும் அதே எண் வர வேண்டும். கருக்கோடு ஒரு துண்டு மணலுக்குள் கிடந்தாலும் வலை இழுப்பவர் வெறுங்காலில்தான் ஏறும்.