விறகு நனையாமலும் உண்ணி கடிக்காமலும் இருக்க வழி சொல்லுங்கள்

அனைவருக்கும் வணக்கம். கூடலூர்ப் பக்கம் இருக்கிறோம். வெட்டிய சில்வர் ஓக் மரத்தைப் பிளந்து வீட்டின் பின்புறம் அடுக்கியிருக்கிறோம். ஜூன் பிறந்தால் தென்மேற்குப் பருவமழை. அதற்குள் ஒரு வழி செய்தாக வேண்டும்.

தார்ப்பாயைத் தரைவரை இழுத்து மூடினால் உள்ளே வியர்த்துப்போகிறது. அடிவரிசைக் கட்டைகளில் பட்டைக்கும் மரத்துக்கும் நடுவே வெள்ளைப் பூஞ்சை படர்ந்து, கை வைத்தால் பட்டை அப்படியே உரிந்து வருகிறது. மேலே மட்டும் மூடிப் பக்கங்களைத் திறந்து விட்டால் காற்று புகும் என்பது சரிதான். ஆனால் இங்கே மழை சாய்ந்தல்லவா அடிக்கிறது! தகரக் கூரையை எவ்வளவு நீட்டி இறக்கினால் சாரல் தாங்கும்? செங்கல் மேல் சட்டம் போட்டு அடுக்குவது போதுமா, இன்னும் உயர்த்த வேண்டுமா?

இதைவிடப் பெரிய கவலை உண்ணி. விறகுக்கு அப்பால் சருகும் புதரும்தான்; மாடுகளும் குரங்குகளும் வந்துபோகும் இடம். 1957இல் கர்நாடகத்தின் கியாசனூர் காட்டில் கண்டறியப்பட்ட குரங்குக் காய்ச்சலை உண்ணிகளே பரப்புகின்றன என்பதால் அலட்சியமாக இருக்க மனம் வரவில்லை. அப்பாவின் முழங்காலுக்குப் பின்னால் எள்ளளவு உண்ணி ஒன்று ஒட்டியிருந்தது. நசுக்காமல், இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுத்து எடுத்தோம். காய்ச்சல் வருகிறதா என்று கவனித்து வருகிறோம்.

தோட்ட வேலைக்குப் போகிறவர்கள் அட்டைக்கடிக்குப் போடும் நீள காலுறை உண்ணியையும் தடுக்குமா? அடுக்கைச் சுற்றி எவ்வளவு தூரம் சருகை அகற்றுகிறீர்கள்? குழந்தைகள் விளையாடும் இடம் என்பதால் மருந்து தெளிக்கத் தயங்குகிறோம். மழைக்காட்டுப் பகுதியில் விறகடுப்பு வைத்திருப்பவர்கள் கொட்டகையின் படம் இருந்தால் தயவுசெய்து பகிருங்கள்.