நாட்டுப் பேரிக்காயைக் கிராம்பும் சுக்கும் சேர்த்து வேக வைக்கும் பக்குவம்

கேள்வி
வணக்கம். 72 வயதான என் மாமியாருக்கு, இரத்தசோகைக்காக இரும்புச்சத்து மாத்திரை தொடங்கிய நாள் முதல் மலச்சிக்கல் பெருந்தொல்லையாக இருக்கிறது. கொடைக்கானலிலிருந்து வந்த உறவினர் ஒரு பை நிறைய நாட்டுப் பேரிக்காய் கொடுத்துச் சென்றார். கல் போன்ற அந்தக் காயைப் பல்செட் வைத்திருக்கும் அவரால் கடிக்க முடியவில்லை. நேற்று தோலைச் சீவி, நான்கு கிராம்பு போட்டு, குக்கரில் மூன்று விசில் விட்டு, தண்ணீரை வடித்துக் கொடுத்தேன். காய் குழைந்துபோனதுடன், நாக்கும் மரத்துவிட்டது என்றார். அவருக்குச் சர்க்கரை நோயும் உண்டு. சரியான பக்குவத்தைச் சொல்லி உதவுங்கள்.

மறுமொழி 1
அம்மா, நீங்கள் வடித்துக் கொட்டிய தண்ணீரில்தான் பாதிப் பயன் போய்விட்டது. பேரிக்காயில் சார்பிட்டால் என்ற சர்க்கரை போன்ற இனிப்புப் பொருள் இருக்கிறது. அது குடலில் முழுவதும் உறிஞ்சப்படாமல் நீரைத் தன்பக்கம் இழுத்து மலத்தை இளக்குகிறது. நீரில் எளிதில் கரையும் பொருள் என்பதால், வேகும்போது அது தண்ணீரில் இறங்கிவிடும். தோலையும் சீவ வேண்டாம். நார்ச்சத்தில் கணிசமான பங்கு அதில் இருக்கிறது. நன்றாகக் கழுவி, விதைப்பகுதியை நீக்கி, மெல்லிய துண்டுகளாக நறுக்கினால் வெந்த தோல் பல்லுக்குத் தொல்லை தராது.

இரண்டு காய்க்கு அரை டம்ளர் தண்ணீர், ஒரு கிராம்பு, விரல் நுனியளவு பட்டை போதும். அடி கனமான எவர்சில்வர் பாத்திரத்தில் மூடி, சிறுதீயில் 15 முதல் 20 நிமிடம் வையுங்கள். ஈர்க்குச்சி தடையின்றி இறங்கும்போது அடுப்பை அணைத்து, கிராம்பை உடனே எடுத்துவிடுங்கள். ஊற ஊறத்தான் அது நாக்கை மரக்க வைக்கும்.

மறுமொழி 2
இறக்கும்போது இரண்டு சிட்டிகை சுக்குப் பொடி தூவுங்கள். “சுக்குக்குப் புறநஞ்சு, கடுக்காய்க்கு அகநஞ்சு” என்பது நம் வைத்திய வழக்கு. ஆகவே மேல்தோலைச் சுரண்டிய பிறகே பொடிக்க வேண்டும். மலத்தை இளக்குவது பழமே. சுக்கு அதற்குச் சுவையும், உண்டபின் வயிற்றுக்கு இதமும் தருகிறது என்பது என் அனுபவம்.

மறுமொழி 3
வெல்லமோ தேனோ சேர்க்க வேண்டாம். வேக வைப்பதால் பழத்தின் சர்க்கரை குறைந்துவிடாது. எனவே முதலில் அரைக் காய் கொடுத்துப் பாருங்கள். சிலருக்கு சார்பிட்டாலே வாயுவையும் வயிற்றுப் பொருமலையும் உண்டாக்கும்.

ஒன்றை வற்புறுத்திச் சொல்ல விரும்புகிறேன். மாத்திரையை நீங்களாகவே நிறுத்தாதீர்கள். அளவையோ வகையையோ மாற்ற முடியுமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். இரும்புச்சத்து மாத்திரையால் மலம் கறுப்பது வழக்கம்தான் என்றாலும், தார் போலப் பிசுபிசுத்தாலோ, இரத்தம் தென்பட்டாலோ, உடல் எடை குறைந்தாலோ பழத்தை நம்பிக் காத்திருக்கக் கூடாது. இந்த வயதில் இரத்தசோகை ஏன் வந்தது என்று பரிசோதித்தார்களா?

கேட்டவர்
மூவருக்கும் நன்றி. நீங்கள் கேட்ட பரிசோதனை இன்னும் செய்யப்படவில்லை. இந்த வாரமே மருத்துவரிடம் அழைத்துச் செல்கிறோம். இன்று காலை தோலோடு வேக வைத்து, கிராம்பை எடுத்துவிட்டு, அரைக் காயை அதன் நீருடன் கிண்ணத்தில் கொடுத்தேன். துண்டுகளை நாக்காலேயே மசித்து உண்டவர், அடியில் நின்ற நீரைக் கிண்ணத்தைச் சாய்த்துக் குடித்து முடித்தார்.